நன்கொடை நிதி: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



கடனைப் பற்றி உங்களுக்குப் பாடம் தேவையில்லை. எத்தனை தவணை, என்ன வட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் திருப்பிக் கட்ட வேண்டாத பணம் ஊருக்கு வந்தால் என்ன செய்வது? இந்த மாதப் பாடம் அதுதான்.

நன்கொடை நிதி என்றால் என்ன?

வங்கிக் கடனில் கழியும் மானியம் வேறு, இது வேறு. ஒரு அறக்கட்டளையோ கம்பெனியோ ஒரு நல்ல காரியத்துக்காகக் கொடுக்கும் தொகை இது. திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் எதற்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். ரசீதும் கணக்கும் கட்டாயம்.

நோய் வந்த பிறகா, வரும் முன்னா?

நம்ம மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரைச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல ஆண்டுகள் உறிஞ்சினார்கள். 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே புகுந்தது தெரிந்துவிட்டது. போர் தண்ணி உப்பாகிப் போச்சு. அதனால் குழாயிலோ லாரியிலோ வரும் நல்ல தண்ணியை டிரம்மில் பிடித்து வைக்கிறோம். மூடாத டிரம்மில் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

யாராவது வந்து ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தினால் நல்லதுதான். பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள். மறுநாளும் டிரம் மூடியில்லாமல்தானே இருக்கும்? வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மூடி போட்டால் கொசு பிறக்காது. இதுதான் தடுப்புப் பணி. இதை வெளியாள் வந்து செய்ய முடியாது. தெருவில் உள்ள நாம்தான் செய்ய முடியும்.

திருச்சியில் பெண்கள் செய்தது

திருச்சி குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் இருந்தும் பராமரிப்பு இல்லை. பெண்கள் இருட்டும் வரை காத்திருந்து வெளியே போக வேண்டியிருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், இங்கிலாந்தைச் சேர்ந்த வாட்டர்எய்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு அங்கே வேலை செய்தது. கழிப்பறையை நடத்தும் பொறுப்பை அந்தப் பகுதி மகளிர் குழுக்களே ஏற்றன. முறை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார்கள், சிறு கட்டணம் வாங்கினார்கள், தினமும் கணக்கு எழுதினார்கள். துப்புரவு, பராமரிப்புச் செலவுகளை அதிலிருந்தே பார்த்தார்கள். மிச்சப்பட்ட பணத்தில் தெருவுக்கு வேண்டியதையும் செய்தார்கள். 2002-ல் கல்மந்தை என்ற பகுதி, திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத இடம் என்று அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? நன்கொடை, வேலையைத் தொடங்கி வைத்தது. மாதாமாதச் செலவுக்கு அவர்களே வழி செய்தார்கள். அப்படிச் செய்தால்தான் நிதி நின்றாலும் கதவு பூட்டாது.

பணம் எங்கே இருக்கிறது?

1. கம்பெனிகளிடம்: 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனிகள், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நோய்த் தடுப்பு, சுகாதாரம், பாதுகாப்பான குடிநீர் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த நாம் தைரியமாகக் கேட்கலாம்.

2. வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம்: வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே இதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிறுவனமும் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே, "உங்க குழுக் கணக்குல வெளிநாட்டுப் பணம் போடுறோம், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

• பிரச்சனை என்ன? எண்ணிச் சொல்லுங்கள். "கொசுத் தொல்லை அதிகம்" என்றால் போதாது. எத்தனை வீடு, எத்தனை டிரம், எத்தனைக்கு மூடி இல்லை என்று எழுதுங்கள்.
• என்ன செய்யப் போகிறோம், எத்தனை மாதத்தில்?
• என்ன செலவு? விலைப்பட்டியல் இணைக்கவும்.
• நம் பங்கு என்ன? வீடு வீடாகப் போகும் நம் உழைப்பும் பங்குதான்.
• ஆறு மாதம் கழித்து எதை எண்ணிப் பார்ப்போம்?
• நிதி முடிந்த பிறகு யார் நடத்துவார்கள்?

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தை முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி கொடுக்கும் பணத்தை வாங்கியதால், சாம்பல், புகை, கழிவுநீர் பற்றிப் புகார் செய்யும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படி எழுதிய தாளில் கையெழுத்து போடாதீர்கள். பணத்தைத் தனி நபர் பெயரில் வாங்க வேண்டாம். கூட்டமைப்பின் தீர்மானம் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கணக்கை மாதாமாதம் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. போன வருடம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் குழுவினர் எவ்வளவு செலவு செய்தோம்? அதற்காக வாங்கிய கடன் எவ்வளவு?
2. அதில் எந்த நோயை நம் தெருவிலேயே தடுத்திருக்கலாம்?
3. ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தால் முதலில் எதற்குச் செலவிடுவோம்? ஏன்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லாக் குழுக்களின் பதில்களையும் சேர்த்துவைத்து, முதல் விண்ணப்பத்தை நாம் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவோம்.