கொம்பை மறை, காலை மறை!

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னாயே, “மூணாவது வந்தும் என் பையனை அரும்புல உட்கார வெச்சிருக்காங்கக்கா” என்று. அதில் கேவலம் ஒன்றும் இல்லைடி. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத்தான் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் பிள்ளைக்கு இப்போது என்ன வருகிறது என்று பார்த்துத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அது ரேங்க் கார்டு இல்லை. டீச்சரிடம் “ஏன் அரும்பு?” என்று சண்டைக்குப் போகாதே. “எந்த எழுத்தில் நிற்கிறான்?” என்று கேள்.

எனக்குத் தெரிந்து பாதிப் பிள்ளைகள் நிற்கும் இடம் கொம்புதான். ‘கொக்கு’ எடுத்துக்கொள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயில் வர வேண்டியதோ ‘கொ’ என்று ஒரே ஒலி. குழந்தை திணறாமல் என்ன செய்யும்? கொம்பையும் காலையும் உன் விரலால் மறைத்துவிடு. ‘க’ என்பான். கொம்பைத் திற, ‘கெ’. காலையும் திற, ‘கொ’. நாலு நாள் இப்படிச் செய். 247 எழுத்தையும் தனித்தனியாக உருப்போடத் தேவையில்லை என்பது அவனுக்கே பிடிபடும்.

அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்த அனா, ஆவன்னாவை இப்போதைக்குப் பரணில் போடு. ‘கானா, டானா, இல்’ என்றால் காதில் ‘கடல்’ விழுமா? ஒலியை மட்டும் சொல். ‘பகல்’ என்பதைக் கடலில் வரும் ‘க’ போல அழுத்தி வாசித்தால் சிரித்துவிடாதே. பேச்சில் கேட்ட சொல்தானே, இரண்டாம் முறை தானே சரிசெய்துகொள்வான்.

‘மூணு சுழியா, ரெண்டு சுழியா’ என்று குழம்புகிறானா? பெயரிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன்னால் வருவது டண்ணகரம்: வண்டி. ற-வுக்கு முன்னால் வருவது றன்னகரம்: கன்று. த-வுக்கு முன்னால் தந்நகரம்: பந்து. நான் இதைத் தெரிந்துகொண்டதே என் மகள் நாலாவது படிக்கும்போதுதான். வெட்கக்கேடு!

உன் மாமனார் எழுதிக் காட்டினால் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார். ‘லை’யை இன்னும் யானைத் துதிக்கை வைத்துத்தான் எழுதுவார். பெரியார் பயன்படுத்திய எழுத்தை அரசு ஏற்றது 1978-ல். மாமனார் பள்ளிக்கூடம் போனது அதற்கு முன்னால். தப்பென்று சொல்லி அவர் மனதை நோகடிக்காதே. “தாத்தா காலத்து லை” என்று பையனிடம் சொல்லிவிடு, ரசிப்பான்.

கையெழுத்துக்கு இரட்டைக்கோடு நோட்டில் தினம் அரைப் பக்கம் போதும். தப்பாக எழுதியதைப் பத்து முறை எழுதச் சொல்லும் தண்டனை வேண்டவே வேண்டாம். நமக்கு அது என்ன கற்றுக்கொடுத்தது, கைவலியைத் தவிர?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மளிகைச் சீட்டை அவனே எழுதட்டும். ‘வெங்காயம்’ எழுத வரவில்லையா, படம் போட்டு வைக்கட்டும். நான் புரிந்துகொண்டு வாங்கி வருகிறேன்.