லிப்ரேஆபிஸை வீட்டில் பில்ட் செய்தபோது

லிப்ரேஆபிஸ் ரைட்டரில் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பார்த்தால், இதுவரை எத்தனை சொற்கள் தட்டியிருக்கிறோம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் வாசகத்தை மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். அதற்காக முழு லிப்ரேஆபிஸையும் சோர்ஸ் கோடிலிருந்து பில்ட் செய்ததில் மூன்று இரவுகள் போயின. அதில் கோடில் கைவைத்த நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

முதல் இரவை என் அவசரமே தின்றது. உபுண்டுவில் தேவையான லைப்ரரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போட ஆரம்பித்தேன். ஒழுகுகிற ஓட்டு வீடு மாதிரி, ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் சொட்டியது. 'ஆப்ட் பில்ட்-டெப் லிப்ரேஆபிஸ்' என்ற ஒரே கமாண்டில் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதுவும் எடுத்த எடுப்பில் ஓடாது. ஆப்ட் படிக்கும் சோர்ஸ் பட்டியலில் 'டெப்-எஸ்ஆர்சி'யைச் சேர்த்துவிட வேண்டும். அடுத்த முட்டுக்கட்டை ஃபோல்டர் பெயர். நடுவில் இடைவெளி விட்ட பெயரை வைத்திருந்தேன். பாதையில் இடைவெளி இருந்தால் லிப்ரேஆபிஸ் பில்ட் ஆகாது. ஹோமுக்கு நேர் கீழே, ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்.

பில்டைத் தயார்செய்யும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் ஆப்ஷன்களை டெர்மினலில் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 'ஆட்டோஜென்.இன்புட்' என்று ஒரு ஃபைல் திறந்து வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும், அதுவே படித்துக்கொள்ளும். பிற்பாடு, எதை மாற்றினோம், எதனால் கெட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. என் ஃபைலில் முதல் வரி, வெளி லைப்ரரிகளின் டார்பால்களை எங்கே வைப்பது என்பது. சொல்லாவிட்டால் சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இறங்கும். கோபத்தில் ஒருநாள் அந்த ஃபோல்டரையே அழித்தேன், டார்பால்களும் சேர்ந்து போயின. போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி இறக்கியபோதுதான் வலித்தது. இப்போது அவை வெளியே தனி இடத்தில் இருக்கின்றன. நெட் நன்றாக இருக்கும் நேரத்தில் 'மேக் ஃபெட்ச்' ஓட்டிவிட்டால் இறக்கும் வேலை மட்டும் தனியாக முடிந்துவிடும்.

இரண்டாவது இரவுதான் உண்மையான பாடம். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 8 த்ரெட். எதுவும் சொல்லாவிட்டால் பில்ட் அத்தனை த்ரெட்டையும் எடுத்துக்கொள்ளும். சி ப்ளஸ் ப்ளஸ் ஃபைல்களில் சில, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் ரேம் கேட்கும். எட்டும் சேர்ந்து உட்கார்ந்தால்? மவுஸ் நின்றது, ஃபேன் மட்டும் கத்தியது. கடைசியில் கம்பைலர் 'கில்ட்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் செத்தது. கோடில்தான் ஏதோ தப்பு என்று ஒரு மணி நேரம் தேடினேன். டிமெசேஜ் லாக்கைப் பார்த்தால் அங்கே கெர்னலே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்தது: மெமரி போதவில்லை, நான்தான் கொன்றேன் என்று. பேரலலிசத்தை 3 என்று குறைத்தேன். மெதுவாகத்தான் போனது, ஆனால் நிற்காமல் போனது.

எரர் வந்தால் கடைசி வரியைப் படிப்பது என் பழைய கெட்ட பழக்கம். மூன்று வேலை ஒன்றாக ஓடும்போது ஒன்று விழுந்த பிறகும் மற்ற இரண்டும் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே போய் முதல் எரரைத் தேட வேண்டும். வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்துக்கொண்டால் கண்ணுக்கு நல்லது. வெறும் 'மேக்' போட்டால் யூனிட் டெஸ்டுகளும் சேர்ந்து ஓடும். முதல் தடவை 'பில்ட்-நோசெக்' போதும் என்பேன். டீபக் ஆப்ஷன்களையும் அப்போது தொட வேண்டாம், டிஸ்க்கை விழுங்கிவிடும். எதையும் மாற்றாத கோட் ஒருமுறை முழுசாக பில்ட் ஆகி ஓடட்டும். கைவரிசையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பில்ட் ஆனதும் ரைட்டரின் கோடைத் தேடினேன். 'ரைட்டர்' என்று தேடினால் 'ரைட்டர்பெர்ஃபெக்ட்' என்றொரு ஃபோல்டர் கிடைக்கிறது. அது வேறு மென்பொருள்களின் ஃபைல்களைத் திறப்பதற்கு. உண்மையான ரைட்டர் 'எஸ்டபிள்யூ' என்ற இரண்டெழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஸ்டார் ரைட்டர் என்பதன் சுருக்கம். அதைச் செய்த ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் வாங்கியது. அடுத்த ஆண்டு கோடைத் திறந்துவிட்டது. 2010இல் அதிலிருந்து லிப்ரேஆபிஸ் பிரிந்தது. பழைய வீட்டுப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கால்க் 'எஸ்சி', இம்ப்ரெஸ் 'எஸ்டி'. கோடிலிருந்த ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலமாக்கவே தன்னார்வலர்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது இரவு. வாசகத்தை மாற்றி, 'எஸ்டபிள்யூ'வை மட்டும் மேக் செய்தேன். ஒரு சொல்தானே என்று நினைத்தால், அந்த வாசகங்கள் இருக்கும் ஹெடரை இழுக்கும் ஃபைல்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. இதற்குத்தான் சி-கேஷ். முன்பு கம்பைல் ஆனது மாறாமல் திரும்ப வந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். இயல்பாக அதன் கொள்ளளவு 5 ஜிபி. இவ்வளவு பெரிய கோடுக்குப் போதாது என்று 30 ஆக்கினேன். அன்று ஹெடரே மாறியதால் அது உதவவில்லை. பிறகு ஒருநாள் மாற்றத்தைத் திரும்பப் பெற்று பழைய நிலைக்கு வந்தபோது சரசரவென்று முடித்தது.

அந்த மூன்றாவது இரவு பில்ட் முடிந்ததும் மெனுவிலிருந்து ரைட்டரைத் திறந்தேன். வாசகம் மாறவே இல்லை. மறுபடி பில்ட், மறுபடி மெனு, மறுபடி அதே பழைய வரி. இரவு ஒரு மணிக்குத்தான் உறைத்தது: நான் திறந்துகொண்டிருந்தது உபுண்டுவோடு வந்த ரைட்டர். நான் பில்ட் செய்தது 'இன்ஸ்ட்டிர்' ஃபோல்டருக்குள், 'புரோகிராம்' என்பதற்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது.