வழிகளை முதலில் வரையுங்கள்

கேள்வி: நானும் கல்லூரி நண்பர்கள் நான்கு பேரும் ஒரு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். கேம் மாஸ்டர் நான்தான். ஸ்டார்ட்டர் செட்டில் வந்த சாகசத்தை முடித்துவிட்டு, இப்போது சொந்தமாக ஓர் உலகத்தை உருவாக்கி வருகிறேன். கண்டம் முழுவதற்கும் வரைபடம் போட்டாயிற்று. மலை, ஆறு, ஏழு ராஜ்யங்கள், எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். முதல் நிலவறைக்கு மட்டும் நாற்பது அறைகள் வரைந்தேன். ஆனால் நண்பர்கள் ஒரு கதவைத் திறக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அடுத்த கதவுக்குப் போகிறார்கள். இரண்டாவது வாரமே "இன்னும் எத்தனை அறை பாக்கி?" என்று கேட்டுவிட்டார்கள். ஸ்டார்ட்டர் செட்டின் கோப்ளின் குகையில் எட்டே இடங்கள்தான். அதைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். நான் எங்கே கோட்டை விட்டேன்?

— வாசகர், கோவை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 2014இல் வந்த அந்த ஸ்டார்ட்டர் செட்டின் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ புத்தகத்தை எடுத்து, கோப்ளின் குகையின் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். எட்டு இடங்களும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

குகைக்குள்ளிருந்து ஓர் ஓடை வெளியே வருகிறது. அதன் ஓரமாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசலைத் தாண்டியதும் பக்கத்துப் பொந்தில் சங்கிலியில் கட்டிய ஓநாய்கள். அந்தப் பொந்திலிருந்து மேலே போகும் ஒரு பாறைப் பிளவைப் பிடித்து ஏறினால், நேரே தலைவன் கிளார்கின் இருப்பிடம். ஏறாமல் ஓடையோடு நடந்தால், தலைக்கு மேலே 20 அடி உயரத்தில் ஒரு பாலம், அதில் ஒரு காவலாள். அவன் கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் இருக்கும் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிடுவான். அவர்கள் தேக்கி வைத்திருக்கும் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட, நீங்கள் நடந்து வந்த பாதையிலேயே வெள்ளம் பாயும்.

ஓநாய்களுக்கு இரை போட்டுச் சாந்தப்படுத்துகிறவர் ஒரு வழியில் தலைவனை அடைகிறார். விளக்கை அணைத்துவிட்டுப் பாலத்துக்கு அடியில் பதுங்கிப் போகிறவர் இன்னொரு வழியில் அடைகிறார். ஓரிடத்தில் செய்த காரியம் வேறோர் இடத்தில் பலிக்கிறது, அல்லது வெள்ளமாகத் திரும்பி வருகிறது. உங்கள் நண்பர்கள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பது அங்கே தாங்கள் எடுத்த முடிவுகளைத்தான்.

இனி உங்கள் நாற்பது அறைகளுக்கு வருவோம். ஒரு துண்டுத்தாளில் அறைக்கு ஒரு புள்ளி, வழிக்கு ஒரு கோடு என்று மட்டும் வரைந்து பாருங்கள். சுவர், தூண், சிலை எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், புள்ளிகள் நாரில் தொடுத்த பூவைப் போல ஒரே வரிசையில் நிற்கும் என்று நினைக்கிறேன். அப்படி நின்றால் ஆடுபவர்களுக்கு அடுத்த கதவைத் திறப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பிறகு எத்தனை பாக்கி என்று எண்ணத்தானே செய்வார்கள்?

நிலவறை வரையும் இந்தக் கலையில் எல்லாரும் படிக்க வேண்டிய ஆசான் ஜெனல் ஜக்வேஸ். 1979இல் ஜட்ஜஸ் கில்டு வெளியிட்ட அவருடைய ‘கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா’ சாகசம் இன்றைக்கும் பாடநூல் போலப் படிக்கப்படுகிறது. உள்ளே நுழையப் பல வாசல்கள். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு இறங்கப் பல இடங்கள். சில வழிகள் ஒரு தளத்தையே தாண்டிக் கீழே கொண்டுபோய் விடும். சுற்றிப் போனால் எதிரியின் முதுகுப் பக்கம் வந்து நிற்கலாம். ஒரே நிலவறைக்குள் இரண்டு குழுக்கள் போனால் இரண்டு வெவ்வேறு கதைகளோடு வெளியே வருவார்கள். அவர் பின்னாளில் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் குவேக் வீடியோ கேம்களுக்குத் தளங்கள் வடிவமைக்கப் போனதில் ஆச்சரியமே இல்லை. 2024 ஜனவரியில் காலமானார். அவர் வரைபடங்களை ஒருமுறையாவது பென்சிலால் பார்த்து வரைந்து பாருங்கள். படிப்பதைவிடக் கை அதிகம் கற்றுக்கொள்ளும்.

உங்கள் புள்ளிக் கோட்டுப் படத்தில் முதலில் இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்துவிடுங்கள். இடிந்த கிணறு, கழிவுநீர்க் கால்வாய், மலைச்சரிவில் ஒரு வெடிப்பு, எதுவானாலும் சரி. பிறகு இரண்டு சுற்றுவழிகளையாவது போடுங்கள். ஒன்று சிறிதாக, நாலைந்து அறைகளைச் சுற்றி வருவதாக இருக்கட்டும். இன்னொன்று தளம் விட்டுத் தளம் போய்த் திரும்புவதாக இருக்கட்டும். ரகசியக் கதவு வைப்பதென்றால் அதைக் குறுக்குவழிக்கோ புதையலுக்கோ மட்டும் வையுங்கள். கதை முன்னே நகர அதைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், பகடை ஒருமுறை காலை வாரியதும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வழி பிரிந்தால் மட்டும் போதாது. இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல கேம் மாஸ்டர்களே இங்கேதான் கவனம் தவறுகிறார்கள். "இடது பக்கம் ஒரு வழி, வலது பக்கம் ஒரு வழி, எதில் போகிறீர்கள்?" என்று கேட்டால் அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். இடது வழியிலிருந்து ஈரக்காற்று வருகிறது, எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. வலது வழியில் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சுவரில் புகைக்கரி படிந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வலது பக்கம் யாரோ தினமும் பந்தத்தோடு நடமாடுகிறார்கள் என்று ஒருவர் ஊகிப்பார். இன்னொருவர் தண்ணீர் இருந்தால் வெளியேற வழியும் இருக்கும் என்பார். மேசையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். அந்த வாக்குவாதத்துக்காகத்தான் நாம் வரைபடமே வரைகிறோம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு தடயம் என்று வரைபடத்தின் ஓரத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே குடியிருப்பவர்கள் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்பதும் வரைபடத்தில் ஏற வேண்டும். டேவ் ஆர்னசனோடு சேர்ந்து 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்ட கேரி கைகாக்ஸ் எழுதிய ‘கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத்தில் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றிப் பல குகைகள் இருக்கின்றன. கோப்ளின்களின் குகைக்குப் பக்கத்தில் ஓர் ஓகர் வசிக்கிறான். தாக்குதல் வந்தால் கோப்ளின்கள் ரகசியக் கதவு வழியாக ஒரு மூட்டைப் பொற்காசை அவன் பக்கம் வீசுவார்கள். அவன் உதவிக்கு வருவான். இரண்டு குகைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கதவு. அதன் பின்னால் ஒரு பேரமே இருக்கிறது. ஆடுபவர்களுக்கு அது தெரியவந்தால் கோப்ளின்களைவிட அதிகக் கூலி பேசி ஓகரைத் தங்கள் பக்கம் இழுக்கவும் முயலலாம். உங்கள் நிலவறையில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யாருக்கு யார் கப்பம் கட்டுகிறார்கள், குடிதண்ணீருக்கு எல்லாரும் எங்கே போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினாலே பாதி அறைகள் தேவையில்லை என்பது புரிந்துவிடும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டத்துக்கு 5 அடி என்று நீங்கள் போடுவீர்கள். ஒரு கட்ட அகலமுள்ள நடையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் நிற்பவர் மட்டும் சண்டை போட, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சண்டை நடக்கும் என்று நினைக்கும் இடங்களையாவது அகலமாக்குங்கள். பந்தத்தின் வெளிச்சம் 20 அடி வரை பளிச்சென்றும் அதற்கு மேல் இன்னொரு 20 அடி மங்கலாகவும் விழும். ஆகவே 80 அடி நீள மண்டபத்தின் வாசலில் நிற்பவருக்கு எதிர்ச்சுவர் தெரியாது. 2014 விதிநூலின்படி, இருளில் பார்க்கும் எல்ஃபுக்கும் டுவார்ஃபுக்கும்கூடப் பொதுவாக 60 அடிதான். மண்டபத்தின் மறுபாதியில் எதை வைக்கிறீர்கள் என்பதை இந்தக் கணக்கை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

கண்டத்தின் வரைபடத்தைக் கிழித்துப் போட வேண்டாம், ஆனால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல் என்பது விதிநூல் கணக்கு. ஊரிலிருந்து மூன்று நாள் நடைக்குள் இருப்பதை மட்டும் நன்றாக வரைந்தால் பல மாதம் ஆடலாம். 1981இல் வந்த ‘ஐல் ஆஃப் டிரெட்’ இதற்கு அருமையான முன்மாதிரி. அதில் ஆடுபவர்களுக்குத் தீவின் கரையோரம் மட்டும் வரைந்த படம் தரப்படும். உள்ளே எல்லாம் வெற்று அறுகோணங்கள், ஒவ்வொன்றும் 6 மைல். நடந்து பார்த்து அவர்களே நிரப்ப வேண்டும். நான் விளையாடிய வெளிப்புறச் சாகசங்களில் இந்த முறைக்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

ஆறுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். ஆறுகள் கடலை நோக்கிப் போகப் போக ஒன்றுசேரும்; பிரிவது அபூர்வம், பெரும்பாலும் சமவெளியில் டெல்டா தொடங்கும் இடத்தில்தான், முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் போல. மலைக்கு ஒரு பக்கம் மழைக்காடு என்றால் மறுபக்கம் வறண்டிருக்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் கொட்டும் மழையும் சூலூர்ப் பக்கத்து வறட்சியும் உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதலில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால், காடும் பாலையும் தாமாகவே தங்கள் இடத்தில் போய் உட்காரும்.

இன்கார்நேட், டன்ஜன்டிராஃப்ட் போன்ற மென்பொருள்கள் அழகானவைதான். ஆனால் வழிகள் முடிவாகும் வரை அவற்றைத் திறக்காதீர்கள். மணிக்கணக்கில் வண்ணம் தீட்டிய அறையை அழிக்க யாருக்கும் மனசு வராது. பென்சிலில் போட்டதை ரப்பரால் அழித்துவிடலாம். முழு வரைபடத்தையும் ஆடுபவர்களிடம் காட்டவும் வேண்டாம். ஒரு கிராஃப் தாள் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அவர்களில் ஒருவரையே வரையச் சொல்லுங்கள். அவர் தப்பாக வரைந்தாலும் திருத்தாதீர்கள். தொலைந்துபோவதும் இந்த விளையாட்டில் ஒரு பங்கு.

அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்கள் நாற்பதில் மிகவும் பிடித்த பன்னிரண்டு அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாசலும் இரண்டு சுற்றுவழியும் வைத்துத் திரும்ப வரையுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். புள்ளியும் கோடுமாக இருக்கும் படமே போதும்.