தையல் பிரித்த பிறகு

அன்புத் தங்கைக்கு,

பிசியோதெரபி படித்துவிட்டு ஆய்க்குடிப் பக்கமே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, மூளை முடக்குவாதக் குழந்தைகள் என்றால் இந்த ஊரில் உனக்குச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத நினைத்தது, உன்னிடம் யாரும் அனுப்பிவைக்காத நோயாளிகளைப் பற்றி. வாயிலோ நாக்கிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து, ஊர் திரும்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். வைத்தியம் முடிந்துவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். டாக்டர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முடியவில்லை என்பது என் கட்சி. தோளையும் தாடையையும் விழுங்கும் திறனையும் மீட்பது அந்த ஆபரேஷனின் மீதிப் பாதி. அது பெரும்பாலும் நோயாளியின் வீட்டில்தான் நடந்தாக வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர்களில் நீயும் ஒருத்தி.

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்க்கே முதலிடம். வெற்றிலையோடு புகையிலையை அதக்குவதும் பீடியும் குடியும் கலந்த ஊர்களில் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. உன் தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. ஆனாலும் இந்த நோய்க்குப் பெரிய ஆபரேஷன் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, மதுரை, அல்லது செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம் என்றுதான் ஜனங்கள் புறப்படுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கிறது. தையல் பிரித்து, மூக்குக் குழாயை எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்ததும் தொடர்பு அறுந்துபோகிறது. பிறகு செக்கப்புக்குப் போனால் கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்க்க அந்த ஓ.பி. கூட்டத்தில் யாருக்கு நேரம்?

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸும் குழுவினரும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாயில் ஆரம்ப நிலைக் கட்டி, கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் நெறி எதுவும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்க்கட்டியை எடுக்கும்போதே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுவதா, கணு வீங்கினால் அப்போது எடுத்துக்கொள்வதா என்பது கேள்வி. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கேள்வி தீர்ந்தது. ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத எண் ஒன்றும் உண்டு. முதலிலேயே கழுத்தைத் திறந்தவர்களில் கணுக்களில் நோய் ஒளிந்திருந்தது ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குத்தான். அந்த முப்பது பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாததால் நூறு பேர் கழுத்திலும் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. நோயே இல்லாத கழுத்தில் கத்தி பட்ட எழுபது பேருடைய தோளுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்கிறேன். பிழைப்பவர்கள் கூடக்கூட அந்தப் பொறுப்பும் கூடத்தான் செய்யும்.

தோள் ஏன் போகிறது என்பது உனக்குத் தெரிந்த உடற்கூறுதான். கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் பதினோராவது மூளை நரம்பு டிரபீசியஸ் தசையை ஆட்டுவிக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் கிரைல் 1906-இல் விளக்கிய பழைய முறையில் கணுக்களோடு கழுத்துத் தசை, பெரிய சிரை, இந்த நரம்பு எல்லாமே போய்விடும். இன்று முடிந்தவரை நரம்பைக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றினாலும், கணுக்களை உரித்தெடுக்கையில் இழுபட்ட நரம்பு மாதக்கணக்கில் சோர்ந்து கிடக்கும். தோள் முன்பக்கமாகச் சரியும், பக்கவாட்டில் கை தூக்கினால் தோள்மட்டத்தோடு நின்றுவிடும், ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாது. பரணிலிருந்து பாத்திரம் எடுக்கவும் தலை பின்னவும் முடியாதவருக்கு, வயலில் அறுப்புக்குப் போகிறவருக்கு, இது சின்னச் சங்கதி இல்லை. கனடாவில் மார்கரெட் மெக்நீலி குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், படிப்படியாக எடை கூட்டிச் செய்யும் பயிற்சி, வழக்கமான பயிற்சியைவிடத் தோள் வலியையும் முடக்கத்தையும் நன்றாகக் குறைத்தது. பங்கேற்றவர்கள் 52 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் அதில் கேட்ட சாமான் எதுவும் ஆய்க்குடியில் கிடைக்காததல்ல.

தாடை விஷயம் இதைவிட அவசரமானது. ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக, பெரும்பாலும் முப்பது தவணை. கரண்ட் நின்ற பிறகும் தசை இறுகுவது நிற்பதில்லை. மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் தொடர்கிறது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது வாய்ப்பூட்டு. ஸ்கேல் இல்லையென்றால் நோயாளி தன் மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். இரண்டுதான் போகிறதென்றால் அன்றே வேலையைத் தொடங்கு. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பல்லுக்கிடையே வைத்து, அரை நிமிஷம் பொறுத்து எடுத்து, ஒரு நாளைக்குப் பல தடவை செய்யச் சொல். பழகியபின் அடுக்கில் இன்னொரு குச்சி. இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த கருவியையும் வெறும் மரக்குச்சிகளையும் பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் வாய் திறந்தது, சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வாய் பூட்டிக்கொண்டால் சோறு மட்டுமா போகிறது? பல் டாக்டர் உள்ளே பார்க்க முடியாது, நோய் திரும்புகிறதா என்று சர்ஜனும் பார்க்க முடியாது.

உயிர் தப்பியதே பெரிது, இதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று உன்னிடம் சொல்வார்கள். சாப்பிட முடியாமல் எடை இறங்கியவர்தான் கதிர்வீச்சைப் பாதியில் விடுகிறார். இடைவெளி விழுந்தால் கதிர்வீச்சின் பலனே குறைகிறது. அந்த வாதம் தன் காலிலேயே இடறுகிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்தப் பயிற்சிகளுக்கு ஆதாரம் கலவையாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். கதிர்வீச்சின்போதும் வாயால் சாப்பிட்டு, விழுங்கும் பயிற்சியும் செய்தவர்கள் பிற்பாடு நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று ஹூஸ்டனில் 497 பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2013-இல் எழுதினார்கள். தெம்பாக இருந்தவர்தான் சாப்பிட்டிருப்பார், பயிற்சியும் செய்திருப்பார் என்று ஒருவர் மடக்கினால் அந்த ஆய்வில் முழுப் பதில் கிடையாது. முறையான சோதனைகளிலோ பாதிப் பேர் பயிற்சியை நடுவில் விட்டுவிடுகிறார்கள் என்ற சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. என் கணக்கில் அது பயிற்சிக்கு எதிரான சாட்சி அல்ல. தாளில் அச்சடித்துக் கொடுத்து அனுப்பினால் வலிக்கிற வாயை யாரும் தானாகத் திறக்கமாட்டார்கள் என்பதற்குத்தான் சாட்சி. பக்கத்தில் ஆள் வேண்டும்.

அந்த ஆளை உண்டாக்கும் வித்தை உன் ஊருக்குப் புதிதல்ல. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த முறையில், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே போய் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார். தெரபிஸ்ட் செல்போன் செயலி வழியே முன்னேற்றத்தைக் கவனிக்கிறார். இதே முறையைத் தாடைக்கும் தோளுக்கும் திருப்பிவிடுவதில் எனக்குப் பெரிய தடை எதுவும் தெரியவில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவது திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் கழுத்து ஆபரேஷன் ஆனவரின் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எனக்குப் புற்றுநோய் தெரியாதே, தொட்டால் பரவிவிடுமோ என்று நீயே தயங்கலாம். கையை உயர்த்துவதால் புற்று பரவாது. ஆனால் நோய் இருந்த இடத்தில் அல்ட்ராசவுண்டும் டயதர்மியும் வைக்காதே. அது நம் கிளினிக்குகளில் பழக்க தோஷத்தில் நடக்கிற தப்பு. தாடை எலும்பை வெட்டி, காலிலிருந்து எலும்பு எடுத்துப் பொருத்தியிருந்தால் சர்ஜன் சரி சொல்லும்வரை குச்சி வேண்டாம். நன்றாகத் திறந்துவந்த வாய் காரணமில்லாமல் மறுபடி பூட்டினாலோ, புண் ஆறாமல் நின்றாலோ, ரத்தம் கசிந்தாலோ பயிற்சியை நிறுத்தி அன்றே அனுப்பு. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் பேச்சு-விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்டாமல் சாப்பாட்டில் கைவைக்காதே. குரல்வளையை முழுக்க எடுத்தவர் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். சாரல் சீசனில் வீட்டார் ஆசையாக அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். அருவியில் தலை கொடுத்தால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். இதை டிஸ்சார்ஜ் அன்று சொல்லியிருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாமல் நீயும் ஒரு தடவை சொல்.

இந்தப் பயிற்சிகளை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குவது நல்லது. தேதி குறித்துக்கொண்டு வந்தவரின் வாய்த் திறப்பையும் கை உயரத்தையும் அன்றே அளந்து எழுதிவை, பயிற்சியை வலியில்லாதபோதே பழக்கிவிடு. திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படி. எந்தப் பக்கக் கழுத்து, நரம்பைக் காப்பாற்றினார்களா, எந்த இடத்திலிருந்து சதை எடுத்தார்கள், கரண்ட் எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வார்டுக்குப் போன் போட்டுக் கேள். முதல் தடவை எரிச்சலாகத்தான் பேசுவார்கள். அடுத்த மாதம் இன்னொருவருக்காக மறுபடியும் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்