கடைமடையில் ஓடும் மென்பொருள்: தூரத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி?

ப்ராஜெக்ட் ரிவியூ அன்னைக்கு நம்ம புரோகிராம் நின்றுபோனால் பெரிய பிரச்சினை இல்லை. லேப்டாப் கண் முன்னால் இருக்கிறது, நிறுத்திட்டு மறுபடியும் ஓட விட்டால் முடிந்தது. அதே புரோகிராம் நாம் நினைத்த நேரத்தில் போக முடியாத இடத்தில், யாரும் பக்கத்தில் இல்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்றால்? உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒரு அளவை மாற்ற வேண்டும் என்றால் எப்படி மாற்றுவது? முக்கியமாக, நாம் உள்ளே போவதற்கு வைத்த கதவு வழியாக வேறு யாரும் நுழையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்தப் பாடத்தில் பதில் தேடலாம் வாங்க. ஜாவா அடிப்படை தெரிந்திருந்தால் போதும்.

நம் ஊர் எடுத்துக்காட்டு

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றின் கிளைகளில் ஒன்றான வெள்ளையாறு வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. இப்படிப்பட்ட ஆறுகளின் கடைமடையில் ரெகுலேட்டர்கள் உண்டு. அவற்றுக்கு இரண்டு வேலை. ஒன்று, உப்புத் தண்ணீர் மேலே ஏறி வயலைக் கெடுக்காமல் தடுப்பது. இரண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் வடிய விடுவது. காவிரி டெல்டாவில் பருவநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கான திட்டம் ஒன்றுக்கு 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. வெண்ணாற்றுப் பகுதிக்கான அந்தத் திட்டத்தில் வெள்ளையாறும் இருக்கிறது.

இப்போது ஒரு மினி ப்ராஜெக்ட் கற்பனை செய்யுங்கள். அப்படி ஒரு ரெகுலேட்டரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் வைக்கிறோம். அதில் நான்கு மாட்யூல்கள் ஓடுகின்றன: நீர்மட்டத்தைப் படிக்கும் சென்சார் மாட்யூல், உப்பின் அளவைக் கணக்கிடும் மாட்யூல், எல்லை தாண்டினால் எஸ்எம்எஸ் அனுப்பும் எச்சரிக்கை மாட்யூல், எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் மாட்யூல்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்ததும், பல நாள் கரன்ட் இல்லாமல் இருந்ததும் நமக்குத் தெரியும். நீர்மட்டம் ரொம்பத் தேவைப்படும் நாளில்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்குப் போக முடியாது. தூரத்திலிருந்து நிர்வகிக்க வேண்டியதன் அவசியம் இதுதான்.

ஏன் மாட்யூல்களாகப் பிரிக்க வேண்டும்?

நான்கையும் ஒரே புரோகிராமாக எழுதினால், எஸ்எம்எஸ் பகுதியில் ஒரு வரி மாற்றுவதற்கு நீர்மட்டம் படிப்பதையும் நிறுத்த வேண்டும். பிரித்து எழுதினால் ஒன்றை மட்டும் நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓட விடலாம்.

ஜாவாவில் இதற்கென்று இருக்கும் தரம் ஓஎஸ்ஜிஐ. 1999-ல் தொடங்கிய கூட்டமைப்பு இதை உருவாக்கியது. முதல் வெளியீடு 2000-ல் வந்தது. வீடுகளில் வைக்கும் சின்ன கேட்வே பெட்டிகளைத் தூரத்திலிருந்து பராமரிப்பதுதான் அப்போது நோக்கம். ஆக, தூர நிர்வாகம் அதன் பிறவிக் குணம்!

ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் பண்டில் என்று பெயர். ஒரு பண்டில் தன்னால் செய்யக்கூடிய வேலையை ஒரு இன்டர்ஃபேஸாக எழுதி, பொதுவான சர்வீஸ் பதிவேட்டில் பதிவு செய்யும். வேண்டிய பண்டில் அந்தப் பதிவேட்டில் தேடி எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை மாட்யூலுக்கு நீர்மட்டத்தை யார் படிக்கிறார்கள் என்று தெரிய வேண்டாம். ‘நீர்மட்டம் தருபவர்’ என்று ஒருவர் பதிவேட்டில் இருந்தால் போதும்.

ஆனால் இந்தப் பதிவேடு அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். வெளியிலிருந்து பார்க்க இன்னொரு கதவு வேண்டும்.

பார்ப்பது, செய்வது, தெரிவிப்பது

ஜாவாவில் அந்தக் கதவின் பெயர் ஜேஎம்எக்ஸ். 2004-ல் வந்த ஜாவா 5 முதல் இது ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதுவும் இறக்க வேண்டாம். நிர்வகிக்க வேண்டிய பொருளை எம்பீன் என்பார்கள். அதில் மூன்று விஷயங்கள்தான்.

1. பண்பு: படிக்கக்கூடிய, சில நேரம் மாற்றவும் கூடிய மதிப்பு. இப்போதைய நீர்மட்டம் படிக்க மட்டும். எச்சரிக்கை எல்லை படிக்கவும் மாற்றவும்.

2. செயல்: ‘இப்போதே ஒரு அளவு எடு’, ‘சென்சாரை மறுபடி தொடங்கு’ போன்ற கட்டளை.

3. அறிவிப்பு: நாம் கேட்காமலேயே அது நமக்குச் சொல்வது. ‘மட்டம் எல்லையைத் தாண்டிவிட்டது’ என்பது போல.

இது வெறும் புத்தக வகைப்பாடு இல்லை. கடலுக்குள் ஓர் உண்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. அந்த இடைவெளியில் வேளாங்கண்ணிக்கோ நாகப்பட்டினத்துக்கோ எந்தத் தகவலும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலில் சுனாமியைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி வலை அன்று இல்லை. அதன் பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

இப்படிப்பட்ட மையங்கள் நம்பியிருக்கும் கருவிகளில் ஒன்று, கடல் தரையில் உட்கார்ந்து மேலே உள்ள தண்ணீரின் அழுத்தத்தை அளப்பது. அது ஒலி மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும். அமெரிக்காவின் நோவா அமைப்பு உருவாக்கிய டார்ட் வகைக் கருவியை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாட்களில் அது 15 நிமிடத்துக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும். இது பண்பு. எதிர்பார்த்த அளவுக்கும் வந்த அளவுக்கும் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் தானாகவே அவசர நிலைக்கு மாறி அடிக்கடி அனுப்பத் தொடங்கும். இது அறிவிப்பு. அதன் இரண்டாம் தலைமுறையில் இருவழித் தொடர்பு வந்தது. கரையில் இருப்பவர்களே ‘அவசர நிலைக்கு மாறு’ என்று கட்டளை அனுப்பலாம். இது செயல். பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பெட்டிக்கும் நம் மினி ப்ராஜெக்டுக்கும் ஒரே இலக்கணம்!

எழுதுவது எப்படி?

முதலில் ஒரு இன்டர்ஃபேஸ். அதன் பெயர் ‘எம்பீன்’ என்று முடிய வேண்டும். கிளாஸின் பெயர் ‘நீர்மானி’ என்றால் இன்டர்ஃபேஸின் பெயர் ‘நீர்மானி எம்பீன்’, இடைவெளி இல்லாமல். அதில் ‘கெட்’ என்று தொடங்கும் மெத்தட் படிக்கும் பண்பாகும். அதற்கு ஜோடியாக ‘செட்’ இருந்தால் மாற்றக்கூடிய பண்பாகும். மற்ற மெத்தட்கள் செயல்களாகும். பிறகு அந்தப் பொருளை எம்பீன் சர்வரில் ஒரு முகவரியோடு பதிவு செய்கிறோம். ஜேடிகேவோடு வரும் ஜேகன்சோலைத் திறந்தால் எல்லாம் திரையில் தெரியும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு முடிவை நீங்கள் கவனமாக எடுக்க வேண்டும். சர்வீஸ் இன்டர்ஃபேஸை அப்படியே எம்பீனாக வைக்காதீர்கள். மற்ற மாட்யூல்களுக்குத் தேவையானது வேறு, நிர்வாகிக்குத் தேவையானது வேறு. சேமிப்பு மாட்யூலில் ‘எல்லாப் பதிவையும் அழி’ என்று ஒரு மெத்தட் இருக்கலாம். அது ஜேகன்சோலில் ஒரு பட்டனாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

செத்த மாட்யூல், உயிருள்ள எண்

மாட்யூல் மென்பொருளில் தூர நிர்வாகம் செய்யும்போது வரும் பெரிய ஆபத்து இதுதான். சென்சார் பண்டில் தொடங்கும்போது தன் எம்பீனைப் பதிவு செய்கிறது. பிறகு பண்டில் நின்றுவிடுகிறது. ஓஎஸ்ஜிஐ பதிவேட்டிலிருந்து அதன் சர்வீஸ் தானாகவே நீங்கிவிடும். ஆனால் எம்பீன் சர்வர் ஓஎஸ்ஜிஐயின் ஆள் இல்லை; நாம் நீக்கச் சொல்லாத வரை பழைய பொருளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். திரையில் கடைசியாகப் படித்த எண் அப்படியே நிற்கும். வெளியே வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும். திரையில் மட்டம் சாதாரணம் என்று இருக்கும். எண்ணே வராவிட்டால்கூட நாம் சந்தேகப்படுவோம். பழைய எண் வந்தால் நம்பிவிடுவோம்.

அதோடு, பண்டிலை மறுபடி தொடங்கினால் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை வரும். பழைய கிளாஸ்களும் நினைவகத்தை விட்டுப் போகாது.

தீர்வு இரண்டு. முதலாவது, ஒவ்வொரு பண்டிலும் எம்பீன் சர்வரைத் தானே தொடக் கூடாது. எம்பீனையும் ஒரு சாதாரண சர்வீஸாக ஓஎஸ்ஜிஐ பதிவேட்டில் வைத்துவிட வேண்டும். தனியாக ஒரு நிர்வாக மாட்யூல் அந்தப் பதிவேட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எம்பீன் வந்தால் சேர்க்கும், போனால் நீக்கும். இதை ஒயிட்போர்டு முறை என்பார்கள். அப்பாச்சி ஏரீஸ் ஜேஎம்எக்ஸில் இது தயாராகவே இருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு எண்ணோடும் ‘எப்போது அளந்தது’ என்பதையும் ஒரு பண்பாக வையுங்கள். நேரம் இல்லாத நீர்மட்டம் நீர்மட்டமே இல்லை.

இரண்டு கதவுகள், குழப்ப வேண்டாம்

சர்வீஸையே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அழைக்க ஓஎஸ்ஜிஐயில் ரிமோட் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. சர்வீஸைப் பதிவு செய்யும்போது ‘இந்த இன்டர்ஃபேஸை ஏற்றுமதி செய்யலாம்’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால்தான் அது வெளியே போகும். குறிப்பு இல்லாவிட்டால் போகாது. இந்த இயல்பு நல்லது: திறப்பது நம் முடிவாக இருக்க வேண்டும், மறதியாக இருக்கக் கூடாது. ஸ்பிரிங் பூட்டும் 2018-ல் வந்த 2.0 பதிப்பில், ஆக்சுவேட்டரின் நிர்வாக முகவரிகளில் இரண்டை மட்டும் இணையத்தில் காட்டுவது என்று மாறியது. மற்றது வேண்டுமென்றால் நாமே பெயர் சொல்லித் திறக்க வேண்டும்.

ரிமோட் சர்வீஸ் மாட்யூல்கள் தங்களுக்குள் பேச. ஜேஎம்எக்ஸ் மனிதர்கள் பார்க்கவும் சரிசெய்யவும். தூரத்து அழைப்பு உள்ளூர் அழைப்பு போலத் தெரிந்தாலும் நடுவில் நெட்வொர்க் இருக்கிறது. சிக்னல் போனால் பதில் வராது. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு எல்லை வைக்க மறக்காதீர்கள்.

நடைமுறையில் மாட்டும் இடம் ஒன்று. ஜேஎம்எக்ஸ் ஆர்எம்ஐ வழியாகப் போகும்போது இரண்டு போர்ட் பயன்படுத்தும். இரண்டாவதை நாம் சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும், ஃபயர்வால் தடுத்துவிடும். இரண்டையும் நிர்ணயித்துவிடுங்கள். அல்லது ஜொலோகியா மூலம் ஜேஎம்எக்ஸை எச்டிடிபி, ஜேசன் வழியாகக் கேட்கலாம்.

பூட்டு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்ற பகுதியில் 2000-ல் நடந்தது இது. கழிவுநீர் பம்புகளை ரேடியோ மூலம் தூரத்திலிருந்து இயக்கும் அமைப்பு இருந்தது. அதை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்து விலகிய ஒருவர், லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. 2001-ல் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கட்டளை சரியான வடிவத்தில் வந்தது. யார் அனுப்பினார் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஆகவே நம் ப்ராஜெக்டில்:

1. கடவுச்சொல்லும் குறியாக்கமும் இல்லாமல் ஜேஎம்எக்ஸ் போர்ட்டைத் திறக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பல டெமோ கட்டளைகளில் இரண்டையும் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். அது லேப் கம்ப்யூட்டருக்கு மட்டும்.

2. போர்ட்டை நேரடியாக இணையத்தில் வைக்காதீர்கள். எஸ்எஸ்எச் அல்லது விபிஎன் வழியாக மட்டும் வரட்டும்.

3. படிப்பவர் வேறு, மாற்றுபவர் வேறு. ஜேஎம்எக்ஸிலேயே இந்த இரண்டு அனுமதிகளும் தனித்தனியாக உண்டு.

4. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிவு செய்யுங்கள். விலகிப்போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

கடைசிக் கேள்வி: ஷட்டரைத் திறக்கும் செயலையும் எம்பீனில் வைக்கலாமா? தொழில்நுட்பப்படி ஒரு மெத்தட்தான். ஆனால் ஷட்டரில் கை வைக்கும் முன் லஸ்கர் கீழே எட்டிப் பார்ப்பார்: யாராவது குளிக்கிறார்களா, மாடு இறங்கியிருக்கிறதா, வலை போட்டிருக்கிறார்களா என்று. நம் சென்சாருக்கு அது தெரியாது. அதனால் இந்த ப்ராஜெக்டில் எண்ணை அவருக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வோம். முடிவு அவருடையது.

செய்து பாருங்கள்

லேப்பில் அப்பாச்சி கராஃப் நிறுவுங்கள். தற்செயல் எண்களைத் தரும் போலி சென்சார் பண்டில் ஒன்று எழுதி, எம்பீனை நேரடியாகப் பதிவு செய்யுங்கள். ஜேகன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு பண்டிலை நிறுத்துங்கள். எண் அப்படியே நிற்கும். பிறகு ஒயிட்போர்டு முறைக்கு மாற்றி மறுபடி நிறுத்துங்கள். இந்த முறை எம்பீனே திரையிலிருந்து மறைய வேண்டும். அது மறைந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.