கடையில் ஈ ஓட்டும் நேரத்துக்கு ஒரு நோட்டு

திடீரென மழை பிடித்துக்கொள்ளும். பாதாளச் சாக்கடைக்கென்று கடை வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டுவிடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இப்படிக் கேட்காமலே ஓய்வு கிடைக்கும். அந்த நேரம் பெரும்பாலும் செல்போனில் கரைந்துபோகிறது. இது சோம்பலால் நடப்பதில்லை. என்ன செய்வது என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் தோன்றாது, அவ்வளவுதான். அதனால் ஈ ஓட்டும் நேரத்துக்கான வேலையைக் கூட்டம் மொய்க்கும் நேரத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.

முதலில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து பத்து நிமிடம், ஒரு மணி நேரம், அரை நாள் என்று தலைப்பிடுங்கள். வியாபாரத்தின் நடுவே எது கண்ணை உறுத்துகிறதோ அதை ஒரே வரியில் அதில் எழுதிவிடுங்கள். ‘சோம்பு டப்பாவுக்கு லேபிள் இல்லை’ என்பது பத்து நிமிட வேலை. ‘மேல் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை’ என்பது அரை நாள் வேலை. ஆள் வராத நேரம் வாய்த்ததும் அது எவ்வளவு நீளும் என்று மதிப்பிட்டு, அதற்குரிய பத்தியைப் பாருங்கள். மழை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடலாம்; மின்தடை சொன்ன நேரம் வரை இருக்கும்.

எந்த வேலையை எடுத்தாலும் ஒரு நிபந்தனை: நடுவில் ஒருவர் வந்து கால் கிலோ வெல்லம் கேட்டால் அப்படியே விட்டுவிட்டு எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். கடை முழுவதையும் கீழே இறக்கிவைத்துத் துடைக்க ஆரம்பித்தால் அன்றுதான் கூட்டம் வரும்.

சரக்கின் தேதி பார்ப்பது இதற்குத் தோதான வேலை. ஒரு தடவைக்கு ஒரு தட்டு போதும். பிஸ்கட், மசாலாப் பொடி, குழந்தை உணவு ஆகியவற்றில் தொடங்குங்கள். பழைய சரக்கு முன்னே, புதியது பின்னே. ஒரு மாதத்துக்குள் காலாவதியாகப் போவதைத் தனிக் கூடையில் போட்டுக் கல்லா பக்கம் வையுங்கள். விநியோகஸ்தர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் தேதி முடியும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ரவையிலும் கொண்டைக்கடலையிலும் வண்டு பார்க்க மறக்க வேண்டாம். மின்தடை நாளில் ஐஸ்கிரீம் பெட்டியைச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். உள்ளே சரக்கு இருந்தால் மூடியைத் தொடாதீர்கள்.

அடுத்தது பாக்கி நோட்டு. என்னைக் கேட்டால் ஓய்வு நேரத்தில் அதிகப் பணம் கிடைப்பது இங்கேதான். சிதறிக் கிடக்கும் துண்டுச் சீட்டு, காலண்டர் பின்பக்கக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பெயர், தொகை, கடைசியாகப் பணம் கொடுத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். பிறகு இந்த மாதப் பாக்கி, மூன்று மாதம் தாண்டியது, ஒரு வருடம் தாண்டியது என்று பிரியுங்கள்.

கடைசி வகைக்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். அது முடிவதற்குள் ‘இவ்வளவு தர வேண்டும்’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். முந்நூறு ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் சரக்கு எடுக்கும் மெஸ், டீக்கடை போன்ற பெரிய கணக்குகளில் பாதிப் பணம் கொடுத்தாலும் நோட்டில் அவர் கையெழுத்து இருக்கட்டும்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “அண்ணே, கணக்கு முடிச்சிட்டிருக்கேன். உங்க பேர்ல 2,340 காட்டுது, சரியான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று தொகையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பணம் எங்கே என்று கேட்பதைவிட இதற்குப் பதில் சீக்கிரம் வரும். மாதக் கடைசியில் மட்டும் கூப்பிட வேண்டாம். பட்டியலை இன்று தயார் செய்துவிட்டு, சம்பளம் வரும் முதல் வாரத்தில் போன் போடுங்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாக முடிக்கலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். சான்றிதழில் தேதியைப் பாருங்கள். வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை 14-ஆம் தேதி வரும். கொள்முதல் பில்களை அதோடு ஒத்துப் பாருங்கள். அதில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. விற்றவருக்கு உடனே போன் செய்யுங்கள், ஆடிட்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஆர்டர் கொடுப்பது. லைன் சேல்ஸ்மேனுக்கும் மந்தமான நேரம்தான் வசதி. உட்கார்ந்து பேசுவார், பத்துக்கு ஒன்று இலவசம் என்பார், நமக்கும் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் தலை ஆடிவிடும். “கணக்கு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று அனுப்பிவிடுங்கள். அதேபோல், கடைப்பையன் சும்மா நிற்கிறானே என்று பெருக்கின தரையையே மறுபடி பெருக்கச் சொல்லாதீர்கள். பில் போடக் கற்றுக்கொடுங்கள்.

வாசல் பள்ளம் போல மந்தம் நாள்கணக்கில் நீண்டால் இதெல்லாம் போதாது. முதல் வேலையாக, ஆள் நடக்கும்படி வலுவான பலகை ஒன்றைப் பள்ளத்தின் குறுக்கே போடுங்கள்; வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு வழக்கமாக மாதச் சாமான் வாங்கும் வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பி, சீட்டை அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, வண்டியை நிறுத்த இடமில்லாமல் வராமல் போனவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வேலையின் நடுவே ஆள் வந்துவிட்டால் எழுந்திருக்கும் முன் நோட்டில் ஒரு வரி: எந்தத் தட்டு வரை பார்த்தாயிற்று, பாக்கியில் எந்தப் பெயர் வரை கூட்டியாயிற்று, தேதியோடு. அடுத்த மழைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.