தப்பைத் தடுக்க எந்த வழி?

வேலையில் தப்பு நடந்தால் ஒருவருக்கு மெமோ, எல்லோருக்கும் ஒரு மணி நேர வகுப்பு. பல இடங்களில் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். சில மாதம் கழித்து வேறொருவர் அதே தப்பைச் செய்வார். மாற்ற வேண்டியது வேலை நடக்கும் முறையை. அதற்கு நான்கு வழிகள் உண்டு. எது எங்கே பொருந்தும் என்று பார்க்கலாம்.

1. தப்பே நடக்க விடாத அமைப்பு

ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரைப் பொருத்தினால் நோயாளியின் உயிர் போகலாம். அதனால் மயக்க மருந்துக் கருவியில் ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனி இடங்களில் இரண்டு முளைகளும், சிலிண்டர் வால்வில் அவற்றுக்கேற்ற துளைகளும் வைத்திருக்கிறார்கள். வேறு சிலிண்டர் அதில் உட்காராது. ஆனால் முளை உடைந்தால் காப்பும் போய்விடும், பராமரிப்பு அவசியம். உயிருக்கு ஆபத்தான வேலைகளுக்கு இதுவே முதல் தேர்வு. தொடக்கச் செலவு அதிகம்.

2. தப்பை உடனே காட்டும் அமைப்பு

1961ல் ஜப்பானின் யமாடா எலக்ட்ரிக் ஆலையில், ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்கும்போது ஒன்று அவ்வப்போது விடுபட்டது. பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ சொன்ன தீர்வு: முதலில் இரண்டையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வையுங்கள், பிறகு பொருத்துங்கள். தட்டில் ஒன்று மிஞ்சினால் அங்கேயே தெரிந்துவிடும். மறதிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஆனால் தவறாகப் பொருத்தியதைத் தட்டு காட்டாது.

3. செக்லிஸ்ட்

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைப் பட்டியலை, புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009ல் முடிவு வந்தது. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இத்தகைய பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு, 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பல படிகள் கொண்ட, பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பட்டியல் ஏற்றது. நிறுத்தி, வாய்விட்டுக் கேட்டு, பதில் வாங்க வேண்டும். ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக டிக் அடிப்பதென்றால் பட்டியலே வேண்டாம்.

4. இரண்டாவது ஆள்

மருந்தளவு, சம்பளக் கணக்கு, பெரிய தொகைப் பட்டுவாடா ஆகியவற்றுக்கு உதவும். ‘அவர் பார்த்திருப்பார்’ என்று இருவரும் நினைப்பதுதான் இதன் பலவீனம். முதல் ஆளின் விடையைக் காட்டாமல் இரண்டாமவரைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஆள் நேரம் செலவாகும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், அந்தப் படியே தேவையா என்று கேளுங்கள்; நீக்கிவிட்ட படியில் தப்பு நடக்காது. நீக்க முடியாவிட்டால் மேலே சொன்ன வரிசையிலேயே முயலுங்கள். வரிசையில் கீழே போகப் போக மனிதக் கவனத்தை நம்புவது கூடும். களைப்பில் முதலில் கைவிடுவதும் அதுதான். எந்த வழியானாலும் அந்த வேலையைத் தினமும் செய்பவரைக் கேட்டு முடிவெடுங்கள். மெமோவைக் கடைசியில் வையுங்கள்.